நாற்பது தப்படி

நடுத்திட்டுக்குப்பம், பழவேற்காடு
6 ஜனவரி 2025

தம்பி தேவேந்திரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. கிழிப்பதென்றால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

ஐந்து மாதமாக உனக்குப் போன் போட்டுப் பார்க்கிறேன், மணிகூட அடிக்கவில்லை. என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய் என்று என் மகன் பிரவீன் பார்த்துச் சொன்னான். பொன்னேரி மார்க்கெட்டில் உன் மாமியாரைப் பிடித்து, இரண்டு கிலோ இறாலைக் கையில் திணித்துத்தான் உன் முகவரியை வாங்கினேன். நீயும் நந்தினியும் கூடலூர் மலையில் ஏதோ கண்ணாடிப் பாலத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களாம். சுபஸ்ரீயை அங்கேயே பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறீர்களாம். பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் கிடந்தவனுக்கு மலையில் என்ன வேலை என்று நான் அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் இறாலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் இருபது, ஞாயிற்றுக்கிழமை, பாடு சீட்டுப் போடுகிறார்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று குலுக்கிப் போடுகிற சீட்டில் நைனா காலத்திலிருந்து நம் வீட்டுப் பெயர் விட்டுப்போனதே இல்லை. இந்த முறை போய்விடும். ஆடி மாதம் ஊர் சொன்ன தீர்ப்பு அப்படியே இருக்கிறது. தங்கவேல் அண்ணன் இடத்துக்குள் பத்துப் பாகம், பத்து ஆள் கைவிரித்த நீளம், தள்ளி வலைக் கம்பு நட்டது தப்பு என்று, சீட்டு நாளுக்குள் நீ கங்கையம்மன் கோயில் முன்னால் வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்த பெயரைத் திரும்பச் சேர்த்ததாக எனக்குத் தெரிந்து ஒருவர்கூட இல்லை.

உன் மாமா முட்டி வலியோடு நொண்டிக்கொண்டு போய்த் தலைவரிடம் பேசினார். பெரிதாக எதுவும் வேண்டாம், "தெரியாம பண்ணிட்டேன்"னு ஒரு வார்த்தை வந்தால் போதும் என்றாராம். ஒரு வார்த்தைக்காகப் பரம்பரையாக வந்ததை விடுவாயா?

நான் சாட்சி சொன்னது உனக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரியும். கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு, தம்பி என்பதற்காக மாற்றிச் சொல்ல எனக்கு வரவில்லை.

பதில் போடு.

கோவிந்தம்மா

*

கூடலூர் அருகே
15 ஜனவரி 2025

திருமதி கோவிந்தம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சுபஸ்ரீ முதலில் எடுத்துப் படித்துவிட்டாள், அதனால் கிழிக்கவில்லை.

செய்யாத தப்பை ஒப்புக்கொள்ள நான் வரமாட்டேன். இதை ஆடி மாதமே சொல்லிவிட்டேன். என் இடத்தின் வடக்கு எல்லை எது? கரையில் இருக்கிற எல்லைக்கல்லையும் அக்கரைக் கலங்கரை விளக்கத்தையும் சேர்த்துப் பார்க்கிற கோடு. அந்தக் கோட்டுக்கு வடக்கே தங்கவேல், தெற்கே நான். சுற்றுலாக்காரர்கள் ஏறிப் பார்க்கிற கோபுரம் கட்டுவதற்காகக் கல்லைச் சுற்றித் தகரம் அடைத்துவிட்டார்கள், படகிலிருந்து கல் தெரியவில்லை. ஆனால் கல்லை ஒட்டி நிற்கிற பனைமரம் தகரத்துக்கு மேலே தெரிந்தது. பனையை முன்னாலும் விளக்கை முதுகுக்குப் பின்னாலும் வைத்து, கோட்டிலிருந்து ஐந்து பாகம் தெற்கே தள்ளித்தான் கம்பை இறக்கினேன். இருபது வருடமாக இதைச் செய்கிறவனுக்கு அன்றைக்கு மட்டும் கண் அவிந்துவிடுமா?

கல் மறைந்திருக்கிற நேரம் பார்த்து நான் திருடினேன் என்று தங்கவேல் சொன்னான். அவன் சொன்னது எனக்குப் பெரிதில்லை. பெரியவர்கள் வருவதற்குள் நான் வலையைத் தூக்கிவிட்டதால் யாரும் நேரில் பார்க்கவில்லை. கரையில் கூடையோடு நின்றவர்களில் ஒருவரைக் கேட்கலாம் என்றபோது எழுந்தது யார்? "விளக்குக்கு வடக்கால இருந்துச்சு கம்பு"னு சொன்னது யார்? ஊரே என்னைத் திருடன் என்றால் தாங்கியிருப்பேன். தாங்கள் சொன்னதால்தான் பெண்டாட்டி பிள்ளையோடு பஸ் ஏறினேன்.

இங்கே நான் கண்ணாடிப் பாலத்து வாசலில் நின்று, வருகிறவர்களுக்குச் செருப்பின்மேல் மாட்டிக்கொள்ளத் துணி உறை கொடுக்கிறேன். கீழே முந்நூறு அடிப் பள்ளம். பாதி வழியில் பயந்து உட்கார்ந்துவிடுகிறவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவருவதும் என் வேலை. நந்தினிக்குக் கேண்டீனில் வேலை. நன்றாக இருக்கிறோம்.

இனி எழுத வேண்டாம்.

தே. தேவேந்திரன்

*

நடுத்திட்டுக்குப்பம்
27 ஜனவரி 2025

தம்பிக்கு,

"திருமதி", "அவர்களுக்கு", "தாங்கள்". படித்துவிட்டு நான் சோறு வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மாமா வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடி, பேங்க்ல இருந்து வந்தாப்புல இருக்குது"னு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு மூக்குச் சளி துடைத்துவிட்டவள் நான்.

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். அன்றைக்கு நான் ஏன் எழுந்தேன் என்பதை உன்னிடம் சொன்னதே இல்லை.

பாடு வழக்கில் இதுவரை ஒரு பெண்ணை யாராவது கேட்டிருக்கிறார்களா? நாள் தவறாமல் விடிவதற்கு முன்னால் கரையில் நிற்கிறோம். யார் கம்பு எங்கே இருக்கிறது, யார் வலை எப்போது ஏறுகிறது என்று எங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் பஞ்சாயத்து என்றால் நாங்கள் மரத்துக்குப் பின்னால்தான். அன்றைக்குத் தலைவர் முதன்முதலாகத் திரும்பி, "பொம்பளைங்கள்ல யாரு பாத்தது?"னு கேட்டார். ராஜம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அமுதவல்லி பேசவில்லை. தம்பியாயிற்றே, வாயைத் திறக்கமாட்டாள் என்று எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் என்னை எழுப்பியது. "எங்க நின்னு பாத்தே?"னு கேட்டார். "எப்பவும் நிக்கிற எடத்துலதான்"னு சொன்னேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நான் சொன்னதை ஊர் அப்படியே எடுத்துக்கொண்டது.

பெருமையாக இருந்தது, தம்பி. உன் தலை போகிற நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. பிறகு உன் முகத்தைப் பார்த்தேன், எல்லாம் போய்விட்டது.

ஆனாலும் பார்த்தது பார்த்ததுதான்.

சுபஸ்ரீக்கு இருமல் எப்படி இருக்கிறது? மலைக்குளிர் அவளுக்கு ஆகாது. கருவாட்டுப் பொட்டலம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். உனக்கு இல்லை, அவளுக்கு.

அக்கா

*

கூடலூர் அருகே
7 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

கருவாடு வந்தது. தபால்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். நந்தினி வறுத்தபோது குடியிருப்பில் இருந்த எட்டு வீட்டுக் கதவும் திறந்தது, பாதிப்பேர் திட்டுவதற்கு, பாதிப்பேர் கேட்பதற்கு. நானும் இரண்டு துண்டு தின்றேன். உனக்கு இல்லை என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் தின்றேன்.

பெருமையாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். கோபம் வந்தது. அதே கோபத்தோடு நாலு நாள் பாலத்தில் நின்றேன். ஐந்தாம் நாள், உன்னிடம் ஒருவர் ஒன்றைக் கேட்பதற்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்ததே என்று தோன்றியது. கோபம் போகவில்லை. கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்க வரமாட்டேன். அதைத் திரும்பக் கேட்காதே. பெயர் போனால் போகட்டும் என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லும்போது நந்தினி என் முகத்தைப் பார்ப்பதில்லை. இங்கே தண்ணீர் என்றால் கீழே பள்ளத்தில் ஒரு நூல் மாதிரி ஓடுகிறதுதான். அதற்கு அலை கிடையாது, வாடை கிடையாது. காலையில் எழுந்ததும் காற்று எங்கேயிருந்து அடிக்கிறது என்று இன்னும் பார்க்கிறேன். பார்த்து என்ன செய்ய?

சுபஸ்ரீக்கு இருமல் விடவில்லை.

தேவேந்திரன்

*

நடுத்திட்டுக்குப்பம்
20 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

"அக்காவுக்கு" என்று ஆரம்பித்திருந்தாய். மாமாவிடம் இரண்டு முறை காட்டினேன்.

இங்கே கோபுரத்தைத் திறந்துவிட்டார்கள். எழுபது அடி உயரம். உச்சியிலிருந்து ஏரிப் பக்கமாக ஒரு கண்ணாடி நடைமேடை நீட்டியிருக்கிறார்கள், உன் பாலத்துக்குத் தங்கை. பூநாரை வந்திருக்கிற சமயம் என்பதால் சென்னையிலிருந்து காராக வருகிறது. மேலே ஏறிப் போட்டோ எடுக்கிறார்கள், இறங்கி வந்து நண்டு வறுவல் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். பறவையைப் பார்த்தவர்கள் கொஞ்சம், தங்களையே பார்த்துக்கொண்டவர்கள் அதிகம்.

அந்தக் கோபுரத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. கண்ணாடி துடைக்கிற வேலை. எங்களைக் கரையிலிருந்து விரட்டித் தகரம் அடைத்தவர்கள்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் என்று உனக்குத் தெரியும். ஆனால் மாமாவால் படகு தள்ள முடியவில்லை, பிரவீன் இன்னும் கல்லூரி முடிக்கவில்லை. காலையில் மீன் விற்றுவிட்டு, ஒன்பது மணிக்குள் துடைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

இதில் ஒரு வெட்கக்கேடு. மேலே போனால் எனக்குக் கால் வரமாட்டேன் என்கிறது. கடலில் படகு கவிழ்ந்தபோதுகூடக் கத்தாதவள் நான். கண்ணாடியில் காலை வைத்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிற ஜமுனா என் பங்கையும் சேர்த்துத் துடைத்தாள். மேஸ்திரி இரண்டு நாள் பார்ப்பேன் என்றார். மூன்றாம் நாள் வேறு ஆள் வைத்துவிடுவார்.

பயந்தவர்களை நடக்க வைப்பதுதான் உன் வேலை என்றாயே. என்ன சொல்லி நடக்க வைக்கிறாய்? கோபம் இருந்தாலும் இதைச் சொல்லு.

அக்கா

*

கூடலூர் அருகே
26 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் மூன்றாம் நாள் போயிருக்கும். மேஸ்திரி நல்லவராக இருக்கட்டும். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

முதலில் காலணியைக் கழற்று, வெறுங்காலோடு நில். கம்பியைப் பிடிக்காதே. பிடித்தால் கை விட மறுக்கும். காலைப் பார்க்காதே. தூரத்தில் அசையாத ஒன்றைப் பார். உனக்குக் கலங்கரை விளக்கம் இருக்கிறது, எனக்கு இங்கே ஒரு பாறை. அதைப் பார்த்துக்கொண்டே பத்து மூச்சு விடு. பிறகு பார்வையை விளக்கிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டு வா, ஏரி, படகு, கரை என்று. கடைசியில்தான் உன் காலுக்குக் கீழே பார்க்க வேண்டும். அதற்குள் பயம் அலுத்துப்போயிருக்கும். எத்தனையோ பேரை இப்படி நடத்தியிருக்கிறேன், ஒரு போலீஸ் அதிகாரி உட்பட.

படகு கவிழ்ந்தபோது நீ கத்தினாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தேவேந்திரன்

*

நடுத்திட்டுக்குப்பம்
12 மார்ச் 2025

தம்பி,

நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

மேஸ்திரி வேலையை எடுக்கவில்லை. நீ சொன்னபடியே செய்தேன். செருப்பைக் கழற்றி, விளக்கைப் பார்த்துப் பத்து மூச்சு விட்டேன். இரண்டாம் நாளே நடுவரை போய்த் துடைத்தேன். ஆனால் கடைசியாகக் காலுக்குக் கீழே பார் என்றாயே, அதை மட்டும் செய்யாமல் ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை நான் மேலே துடைத்துக்கொண்டிருந்தபோது கீழே சத்தம். உன் பழைய இடத்தில் இந்த முறை அஜித்குமார் கட்டுகிறான். அவனுடைய கம்பு வடக்கே ஏறிவிட்டது என்று தங்கவேல் அண்ணன் கத்துகிறார். கரையில் கூடையோடு உட்கார்ந்திருந்த ராஜம்மாவும் அமுதவல்லியும், "ஆமா, விளக்குக்கு வடக்காலதான் கீது"னு சொல்கிறார்கள். அவனுமா? அந்தப் பையன் ஒரு நண்டைக்கூடக் கேட்காமல் எடுக்கமாட்டான்.

மேலேயிருந்து நன்றாகத் தெரியுமே என்று பார்த்தேன். விளக்கைப் பார்த்து, அங்கிருந்து நீ சொன்னபடி பார்வையை இறக்கிக்கொண்டு வந்தேன். ஏரி. அஜித்தின் கம்பு. பிறகு கரை. கடைசியாக, முதன்முறையாக, என் காலுக்குக் கீழே பார்த்தேன்.

எல்லைக்கல் என் இரண்டு காலுக்கும் நடுவே, கண்ணாடிக்குக் கீழே இருந்தது. தம்பி, கோபுரத்து நடைமேடையைக் கல்லின் தலைமேலேயே நீட்டியிருக்கிறார்கள். நான் நின்ற இடத்திலிருந்து விளக்குக்குக் கயிறு கட்டினால் அதுதான் கோடு. அஜித்தின் கம்பு அதற்குத் தெற்கே, ஐந்து பாகமோ ஆறு பாகமோ தள்ளி, ஒழுங்காக இருந்தது.

அப்படியானால் ராஜம்மாவுக்கு எப்படி வடக்கே தெரிகிறது? அவளைத் தேடினேன். கல்லுக்குப் பக்கத்தில் அவள் இல்லை. தெற்கே எங்கேயோ உட்கார்ந்திருந்தாள்.

துடைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கினேன். கல்லின்மேல் நின்று பார்த்தேன், கம்பு விளக்குக்குத் தெற்கே. அங்கிருந்து ராஜம்மா கூடை வரைக்கும் எண்ணிக்கொண்டு நடந்தேன். நாற்பது தப்படி. அங்கே நின்று பார்த்தேன், அதே கம்பு விளக்குக்கு வடக்கே போய்விட்டது. கம்பு நகரவில்லை, நான்தான் நகர்ந்திருக்கிறேன்.

தகரம் அடைத்த அன்றைக்கே எங்களைத் தெற்கே தள்ளிவிட்டார்கள். ராஜம்மா எங்கே கூடையை வைக்கிறாளோ அதுதான் எங்களுக்கு இடம். அவளைச் சுற்றி உட்காருவோம், வெற்றிலை போடுவோம், ஊர்க்கதை பேசுவோம். ஆள்கள் மாறவில்லை, பேச்சு மாறவில்லை, அதனால் இடமும் மாறவில்லை என்றே இருந்துவிட்டேன். தகரத்தை எடுத்த பிறகும் பழக்கத்தில் அங்கேயேதான் உட்காருகிறோம். "எப்பவும் நிக்கிற எடத்துலதான்"னு ஆடி மாதம் சத்தியம் செய்தேன். நான் நின்றது எப்போதும் நிற்கிற ஆள்களோடு. எப்போதும் நிற்கிற இடத்தில் இல்லை.

நீ சரியாகத்தான் கட்டியிருந்தாய். நான்தான் தப்பாகச் சொன்னேன். உன்னை ஊரைவிட்டு அனுப்பியது என் வாய்.

அஜித் விஷயத்தைத் தங்கவேல் அண்ணன் வருகிற பஞ்சாயத்தில் வைக்கப்போகிறாராம். நான் இன்னும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியம். அதுவும் ஒரு பெண்ணை முதன்முதலாகக் கேட்ட சத்தியம். நானே போய்த் தப்பு என்றால் இனிமேல் எங்களில் யாரையாவது கேட்பார்களா? இதை உன்னிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு யாரிடம் கேட்பது?

அக்கா

*

கூடலூர் அருகே
18 மார்ச் 2025

அக்கா,

உன் கடிதத்தைப் பாலத்து வாசலில் வைத்துப் படித்தேன். படித்துக்கொண்டே எப்படியோ பாலத்தின் நடுவுக்குப் போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன். ஏழு மாதமாக அழாததெல்லாம் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண், "பயப்படாதீங்கண்ணா, கீழ பாக்காம வாங்க"னு சொல்லி என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். நான் இங்கேதான் வேலை செய்கிறேன் என்று சொல்லவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னேன்.

நான் திருடன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏழு மாதத்தில், ஒருவேளை கண் தப்பியிருக்குமோ என்று சில நாள் எனக்கே சந்தேகம் வந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. அது இன்றைக்குப் போய்விட்டது. நெஞ்சில் கட்டியிருந்ததை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருக்கிறது.

உனக்குத் தெரிந்தால் எனக்குப் போதும், ஊருக்குத் தெரிய வேண்டாம், உன் மரியாதை இருக்கட்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நந்தினி பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குப் போதும். அஜித்துக்கு? சுபாவுக்கு?"னு கேட்டாள். அவள் கேட்டது நியாயம்.

அதனால் எழுதுகிறேன். ஊரில் சொல். இல்லையென்றால் அந்தப் பையனும் இந்த மலைக்கு வந்து எனக்குப் பக்கத்தில் நின்று துணி உறை கொடுப்பான். சொல்ல முடியாமல் போனால் உன்னை வெறுக்கமாட்டேன். ஆனால் எனக்கு வருத்தமாக இருக்கும், அதை மறைக்கப்போவதில்லை.

தம்பி

*

நடுத்திட்டுக்குப்பம்
3 ஏப்ரல் 2025

தம்பி,

சொல்லிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சு விடு.

நேற்றுப் பஞ்சாயத்து. அஜித்தைக் கோயில் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். தலைவர் பழையபடி திரும்பி, "கோவிந்தம்மா, இந்த வாட்டி நீ இன்னா பாத்தே?"னு கேட்டார். ஊரே திரும்பியது. எனக்குக் கண்ணாடிமேல் நிற்கிற மாதிரி இருந்தது. அசையாத ஒன்றைப் பார்க்க வேண்டுமே என்று அம்மன் முகத்தைப் பார்த்தேன்.

"இந்த வாட்டி பாத்தத அப்புறம் சொல்றேன். போன வாட்டி சொன்னது தப்பு. எந்தம்பி திருடல. நான் வேற எடத்துல நின்னு பாத்துட்டு, அதே எடம்னு சத்தியம் பண்ணிட்டேன்."

உடனே தங்கவேல் அண்ணன் பிடித்துக்கொண்டார். இதற்குத்தான் பொம்பளையைக் கேட்கக்கூடாது என்றேன், தம்பிக்காக இப்போது மாற்றிப் பேசுகிறாள், சீட்டு வருகிறது பாருங்கள் என்றார். நான் சண்டை போடவில்லை. எல்லோரும் என்னோடு கரைக்கு வாருங்கள் என்றேன்.

வந்தார்கள். அஜித்தின் கம்பு இருந்த இடத்தில் அவனை ஒரு கம்போடு படகில் நிற்கச் சொன்னோம். தலைவரைக் கல்லின்மேல் நிறுத்தினேன். தெற்கே என்றார். கையைப் பிடித்து நாற்பது தப்படி நடத்திப்போய் ராஜம்மா கூடைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தார். "வடக்க போயிடுச்சே"னு சொன்னார். தங்கவேல் அண்ணன் அவரைத் தள்ளாத குறையாக வந்து நின்று பார்த்தார். அவரும் கரையில் வந்து அங்கேயேதான் நிற்கிறவர். மனுஷன் பொய்யர் இல்லை, தம்பி, அவருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. பிறகு அவராகவே கல்லின்மேல் போய் ஏறி நின்றுகொண்டு ரொம்ப நேரம் இறங்கவில்லை.

இருந்தாலும் கூட்டத்தில் யாரோ, இனிமேல் பெண்கள் சாட்சி வேண்டாம் என்று ஆரம்பித்தார்கள். நான் பயந்தது அதுதான். ராஜம்மா எழுந்தாள். ஆடி மாதம் தலையைக் குனிந்துகொண்ட அதே ராஜம்மா. "இத்தினி வருசத்துல எந்த ஆம்பள இங்க வந்து, நான் சொன்னது தப்புன்னு சொல்லிக்கீறான்? இவ சொல்லிக்கீறா. இவளதான் கேக்கணும்"னு சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தலைவர் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். சாட்சி யாராக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, கல்லின்மேல் நின்றுதான் சொல்ல வேண்டும் என்று கடைசியில் முடித்தார்.

பொய்யான சத்தியத்துக்கு நான் அம்மனுக்கு மூன்று வெள்ளிக்கிழமை கூழ் ஊற்ற வேண்டும். ஊற்றுகிறேன், சந்தோஷமாக.

உன் தீர்ப்பை எடுத்துவிட்டார்கள். மன்னிப்பு, கின்னிப்பு எதுவும் இல்லை. உன் பெயர் சீட்டில் இருக்கிறது. ஆனால் உன் கையால்தான் எடுக்க வேண்டும், வேறு யாரும் உனக்காக எடுக்கக்கூடாது. இருபதாம் தேதி.

எனக்கு உன்னிடம் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது. அதைக் காகிதத்தில் எழுத மாட்டேன். நேரில் வா.

அக்கா

*

கூடலூர் அருகே
8 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் வருத்தப்பட்டார். பயந்தவர்களை அதட்டாமல் நடத்துகிற ஆள் கிடைப்பது கஷ்டமாம். சுபஸ்ரீக்குப் பரீட்சை பதினாறாம் தேதி முடிகிறது. பதினெட்டாம் தேதி காலையில் சென்னை, அங்கிருந்து ரயிலில் பொன்னேரி, பிறகு பஸ். பதினொரு மணிக்குப் பழவேற்காடு வந்துவிடுவோம். நந்தினி இப்போதே துணி மடிக்கிறாள். மடித்துக்கொண்டே பாடுகிறாள், அவள் பாடிக் கேட்டு ஒரு வருடம் ஆகியிருக்கும்.

ராஜம்மா அக்கா சொன்னதை நந்தினிக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். அஜித்துக்காகச் சொல்வாய் என்று மட்டும் நினைத்திருந்தேன். அஜித்தை நிறுத்திவைத்துக்கொண்டு, முதலில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாயே. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம். இறால் தொக்கு செய்து வை.

உன் நம்பரை அன்பிளாக் செய்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே, குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், பாலத்தில் இன்னும் பத்து நாள் வேலை இருக்கிறது. இதற்கும் கடிதமே போடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற அன்றைக்கு எங்களைப் பார்க்கக் கரையில் நிற்பாய் என்று தெரியும். எங்கே நிற்பாய் என்று முன்கூட்டியே எழுதிவிடு. "எப்பவும் நிக்கிற எடத்துல"னு மட்டும் எழுதாதே.

உன் தம்பி

*

நடுத்திட்டுக்குப்பம்
12 ஏப்ரல் 2025

தம்பி,

கல்லின்மேல் நிற்பேன். நேராக வா.

அக்கா